ஒன்பது அட்டை, ஏழு ஒட்டகம்

நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது நூலகர் என்று ஒருவர் கிடையாது. நான் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. நூலகச் சாவி உடற்கல்வி ஆசிரியையிடம் போய்விட்டது. தங்கமான பெண். பிள்ளைகளை விசில் ஊதித்தான் வாசிக்க வைக்கிறாள் என்று கேள்வி. போன மாதம் அவள் போன் பண்ணி, "டீச்சர், லைப்ரரி கண்காட்சியெல்லாம் நீங்க எப்படி நடத்துனீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், நான் அப்படியே ஃபாலோ பண்ணிக்கிறேன்" என்றாள். சரி என்று மன்னார்புரத்து வீட்டு வாசல் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். வழிமுறை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுத எழுத ஒட்டகமாகவே வருகிறது. இதை மட்டும் அவள் ஃபாலோ பண்ணாமல் இருந்தால் போதும்.

படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பி.எட். இடம் கிடைக்காதவள் என்ன படிப்பாளோ அதைப் படித்தேன். ஒரு வருடம் நூலக எண்களாக மனப்பாடம் செய்தேன்: பாலூட்டிகள் என்றால் 599, சமையல் என்றால் 641. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது, "பொண்ணு என்ன படிச்சிருக்கு" என்று கேட்டார்கள். அப்பா "புத்தகம் அடுக்க" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு முப்பத்தோரு வருடம், பாலக்கரையில் ஒரு பெண்கள் பள்ளியில், அதைத்தான் செய்தேன்.

ஆனால் ஒழுங்காகச் செய்தேன். ஒரு புத்தகம் வந்தால் முதலில் பதிவேட்டில் எண். பிறகு முத்திரை: தலைப்புப் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று, நடுவே யாருக்கும் தெரியாத ரகசியப் பக்கத்தில் ஒன்று. எங்கள் பள்ளியின் ரகசியப் பக்கம் பதினேழு. அட்டையைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைச் சொந்தம் கொண்டாடுகிறவர்கள் பதினேழாம் பக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள். இத்தனை வருடத்தில் அப்படி மாட்டியது ஒரே ஒருவர்தான், அவரும் மாணவி அல்ல. பெயரைச் சொல்ல மாட்டேன். கணக்கு டீச்சர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொரு வழக்கம் மஞ்சள் அட்டை. தட்டிலிருந்து ஒரு புத்தகத்தைக் கண்காட்சிக்கு எடுத்தால், அந்த இடத்தில் புத்தகத்தின் எண்ணும் பெயரும் வாங்கிய தேதியும் எழுதிய ஒரு மஞ்சள் அட்டை நிற்க வேண்டும். பஸ் சீட்டில் போட்ட கைக்குட்டை மாதிரி, புத்தகம் திரும்பி வரும்வரை அது இடம் பிடித்து வைத்திருக்கும். புதுப் புத்தகமானாலும் நேராக மேஜைக்குப் போகக் கூடாது. ஒரு நாளாவது தட்டில் இருந்துவிட்டு, அட்டை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இந்த விதியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே போட்டேன், நானே அதில் விழுந்தேன்.

எங்கள் தலைமையாசிரியை ரங்கநாயகி டீச்சர். பெரிய டீச்சர் என்றுதான் சொல்லுவோம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவார். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலோர சீட்டை அந்த நேரத்தில் வேறு யாரும் தொடுவதில்லை. பச்சை மையில் எழுதத் தகுதி வந்த நாளிலிருந்து அவர் வேறு மை தொட்டதில்லை. வீட்டு மளிகைப் பட்டியல்கூடப் பச்சை என்று பேச்சு. குரலை உயர்த்தவே மாட்டார். தப்பு செய்தவரைப் பார்த்து, "அப்படியா, நீங்களே கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். எதை யோசிக்க வேண்டும் என்று சொல்ல மாட்டார். ஒருமுறை இந்த வாக்கியம் கேட்டு, நான் மூன்று நாள் யோசித்து, செய்யாத இரண்டு தப்புகளையும் சேர்த்து ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னது ஜன்னல் கொக்கி போடாததைப் பற்றி.

அவருக்கு ஒரு யோசனை வந்தது: மாதம் ஓர் உயிரெழுத்து, அந்த எழுத்துக்கு அரிச்சுவடியில் என்ன படம் உண்டோ அதைப் பற்றிப் புத்தகக் கண்காட்சி. பள்ளி நடப்பது பத்து மாதம், எழுத்து பன்னிரண்டு. முதலில் அ, ஆ இரண்டையும், கடைசியில் ஓ, ஔ இரண்டையும் சேர்த்துக்கொண்டு கணக்கைச் சரிசெய்தார். அணிலும் ஆடும் நன்றாகப் போயின. ஈக்கு வந்தபோது கிடைத்ததெல்லாம் வயிற்றுப்போக்கு பற்றிய சுகாதாரத் துண்டுப் பிரசுரங்கள். உரலுக்குப் புத்தகமே இல்லை. ஆயாம்மாவும் நானும் சத்துணவுக் கூடத்திலிருந்து உரலையே உருட்டிக்கொண்டு வந்தோம். ஏணிக்கு எலக்ட்ரீஷியனின் ஏணி. அதைப் பார்த்த பள்ளி ஆய்வாளர், "இது லைப்ரரியா, பாத்திரக் கடையா" என்று கேட்டுவிட்டார். பெரிய டீச்சருக்கு அது தைத்துவிட்டது. பிப்ரவரியில் ஒ வந்தது. "விமலா, ஒட்டகத்துக்குப் புஸ்தகம் மட்டுந்தான் இருக்கணும். வேற ஒண்ணும் உருட்டிண்டு வராதீங்கோ" என்றார். எனக்கும் ஒட்டகத்தை உருட்டிக்கொண்டு வரும் உத்தேசம் இல்லை.

பள்ளியில் மூன்று ஒட்டகப் புத்தகங்கள் இருந்தன. மலைக்கோட்டைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளிலும் ஒரு புத்தகக் கண்காட்சியிலும் தேடி இன்னும் ஆறு சேர்த்தேன். ஒன்றில் ஒட்டகம் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தது. ஒன்றில் அது மழைக்காகத் தவம் இருந்தது. ஒன்று பதினாறே பக்கம், அதில் ரகசியப் பக்கத்துக்கே வழியில்லை. ஒன்பதையும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து படித்தேன். கண்காட்சிக்கு வைப்பதைப் படித்துவிட்டுத்தான் வைப்பேன். அது ஒரு வீம்பு. படித்ததில் வினை வந்தது. ஏழு புத்தகங்கள் ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்றன. மீதி இரண்டு, தண்ணீரே கிடையாது, திமில் முழுக்கக் கொழுப்புதான் என்றன. இரண்டும் புதிது, இரண்டும் விலங்கியல் படித்தவர்கள் எழுதியது. எது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் பெரிய டீச்சர்தான். அவர் படித்தது வேதியியல். ஆனால் ஆறாம் வகுப்புக்கு ஒட்டகப் பாடம் அவரேதான் எடுப்பார். தண்ணீர் நிரப்பிய வெந்நீர்ப் பையை முதுகில் வைத்துப் புடவைத் தலைப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மேஜைகளுக்கு நடுவே தலையை ஆட்டி ஆட்டி நான்கு நடை நடப்பார். பை தளக் தளக் என்று ஆடும். வருடம் முழுவதும் சிரிக்காத மனுஷி அந்த ஒரு நாள் ஒட்டகமாக இருப்பார். பழைய மாணவிகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வரும்போதுகூட அந்தப் பையைப் பற்றி விசாரிப்பார்கள். கண்காட்சிக்கென்று சார்ட் பேப்பரில் பச்சை மையால் அவரே எழுதிக் கொடுத்திருந்தார்: 'திமில் – இயற்கை கட்டிய தண்ணீர்த் தொட்டி'. அதை நடுச் சுவரில் ஒட்டிவிட்டேன். அதற்கு நேர் கீழே அந்த இரண்டு புத்தகங்களை எப்படி வைப்பது?

வைக்கவில்லை. ஒன்பது புத்தகங்களுக்கும் தட்டில் ஒன்பது மஞ்சள் அட்டை வைத்துவிட்டு, ஏழை மேஜையில் பரப்பினேன். இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நூலகத்தில் ஒரு புத்தகத்தை ஒழித்துக்கட்ட அதைத் திருட வேண்டியதில்லை. நான்கு தட்டு தள்ளி வைத்தால் போதும், கடவுளே வந்தாலும் கிடைக்காது. சமையல், தையல் தட்டில் ஊறுகாய் வகைகளுக்கும் குரோஷே பின்னலுக்கும் நடுவில் இரண்டையும் சொருகினேன். அந்தத் தட்டைப் பிள்ளைகள் தொடுவதேயில்லை. பெரிய டீச்சர் இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறார், இப்போது போய் எதற்கு அவரைச் சங்கடப்படுத்துவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். இதை எழுதவே இப்போதுதான் தைரியம் வருகிறது.

கண்காட்சி அமோகம். ஆய்வாளர் வந்து பார்த்துத் தலையாட்டினார். வழக்கம்போலக் கடைசியில் வினாடி வினா, பத்துக் கேள்வி. ஆறாம் வகுப்பு விடைத்தாள்களைப் பெரிய டீச்சரே திருத்துவார். அதில் ஒரு நல்ல விதி வைத்திருந்தார்: திருத்தியது தப்பு என்று எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் எதிர்த்துக் கேட்கலாம், ஆனால் நூலகத்திலிருந்து புத்தகம் கொண்டுவந்து பக்கத்தைக் காட்ட வேண்டும். பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டட்டும் என்பதற்காகப் போட்ட விதி. அதுவரை யாரும் எதிர்த்ததில்லை.

விடைத்தாள் கொடுத்த மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் யாஸ்மின் வந்தாள். ஆறாம் வகுப்பு பி பிரிவு, ஒல்லியாக இருப்பாள், எடுத்த புத்தகத்தைச் சொன்ன நாளில் திருப்பித் தருகிற ஜாதி. கையில் விடைத்தாள். ஒன்பது விடை சரி. நான்காம் கேள்வி, திமிலில் இருப்பது என்ன. 'கொழுப்பு' என்று எழுதியிருந்தாள். பச்சையில் ஒரு பெருக்கல் குறி. அந்த வார்த்தையை வைத்து ஆசிரியர் அறையில் நடந்த கேலியை எல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை.

"டீச்சர், திமில்ல தண்ணி இல்ல. எங்க அத்தா சொன்னாங்க" என்றாள்.

"அத்தா எங்கம்மா பார்த்தாங்க?"

விடைத்தாளின் ஓரத்தைச் சுருட்டினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "சவூதியில டீச்சர். மூணு வருஷம் ஒட்டகம் மேய்ச்சாங்க. நாங்க எல்லார்கிட்டயும் டிரைவரா இருந்தாங்கன்னுதான் சொல்லியிருக்கோம். நேத்து பேப்பர் குடுத்தப்ப எனக்குக் கோவம் வந்து கிளாஸ்ல சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. டிரைவர்னு சொன்னது பொய்யா, ஒட்டகம்னு சொல்றது பொய்யான்னு கேக்குறாங்க. பெரிய டீச்சர் திமில்ல தண்ணின்னு போட்டதால, ஒட்டகமும் பொய்யின்னு முடிவு பண்ணிட்டாங்க. அத்தா ரெண்டையும் அடிச்சு விடுறார்னு சொல்றாங்க டீச்சர்."

அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் மேஜைக்குப் போய் ஏழு புத்தகங்களையும் வரிசையாகப் புரட்ட ஆரம்பித்தாள். விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய அசைய. ஒவ்வொன்றிலும் தண்ணீர். கண்ணாடி போட்ட ஒட்டகத்திலும் தண்ணீர், தவமிருந்த ஒட்டகத்திலும் தண்ணீர். நான் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"இதுல இல்லையேம்மா" என்றேன், மெதுவாக.

அவள் எழுந்து விலங்குத் தட்டுக்குப் போனாள். நின்று பார்த்தாள். பிறகு அங்கிருந்தே கேட்டாள். "டீச்சர், இங்க மஞ்ச அட்டை ஒம்போது இருக்கு. மேசையில ஏழு பொஸ்தகந்தான் இருக்கு."

முப்பத்தோரு வருடத்தில் அந்த அட்டைகளை எண்ணிப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். புத்தகத்தை ஒளித்த நான் அட்டையை எடுக்க மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. புத்தகம் இடத்தில் இல்லையென்றால் அட்டை இருக்க வேண்டும் என்று, திருட்டு வேலையிலும் விதிப்படி நடந்திருக்கிறேன். "அது ரெண்டும் பைண்டிங்குக்குப் போயிருக்கு" என்றேன்.

"அட்டையில தேதியப் பாத்தா ரெண்டும் போன மாசம் வாங்குனதா இருக்கே டீச்சர்."

"புதுசுலயும் சிலது பிரிஞ்சிரும்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி டீச்சர்" என்றாள். விடைத்தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அந்த 'சரி டீச்சர்' இன்றைக்கும் எனக்கு ஜீரணமாகவில்லை. அன்று வீட்டில் ரசத்தில் உப்பு இரண்டு தரம் போட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு மோருக்குப் போய்விட்டார்.

புத்தகம் கிடைக்கவில்லை என்று அவள் பெரிய டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அதோடு விடுவார் என்று நினைத்தேன். "புஸ்தகம் இல்லேன்னா பார்த்தவரை அழைச்சுண்டு வா" என்று சொல்லிவிட்டார். மறுநாள் நாலு மணிக்கு நூலகத்தில் விசாரணை. நடுவில் பெரிய டீச்சர், கையில் நோட்டு, பச்சைப் பேனா. எதிரே யாஸ்மினின் அத்தா ஜலீல் பாய், காக்கிச் சட்டையோடு. பாலக்கரை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாஸ்மின். ஓரத்தில் நான்.

பெரிய டீச்சர் கேள்வியில் ஆரம்பிக்கவில்லை. "முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார். "எனக்கும் நேத்துலேர்ந்து சந்தேகம் வந்துடுத்து. சாயங்காலம் அம்மாமண்டபம் ரோட்டுல, கொழந்தைகளை ஏத்திண்டு போற ஒட்டகம் ஒண்ணு நின்னுண்டிருந்தது. படுத்துக்கச் சொல்லி, கிட்டப் போய்த் திமில்ல காதை வச்சுக் கேட்டேன்."

ஜலீல் பாய் அவருடைய காதையே பார்த்தார்.

"தண்ணி ஆடற சத்தம் வரலை. ஆனா முழுக்க நிரம்பியிருந்தாலும் சத்தம் வராதில்லையா. அதனால அதைச் சாட்சியா எடுத்துக்க முடியலை."

"கடிக்கலையா டீச்சர்?" என்று ஜலீல் பாய் உண்மையான கவலையோடு கேட்டார்.

"கடிக்கலை. தும்மித்து. நீங்க சொல்லுங்கோ, திமில்ல என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தயங்கினார். "நீங்க சுத்த சைவம் டீச்சர். உங்க முன்னாடி எப்படிச் சொல்றது…"

"கேக்கத்தானே போறேன், சாப்பிடப் போறதில்லையே. சொல்லுங்கோ."

"முதலாளி வீட்டுக் கல்யாணம் டீச்சர். ஒண்ணை அறுத்தாங்க. திமில்ல தோலை எடுத்தா உள்ளுக்குள்ள வெள்ளையா ஒரே கட்டி. ரெண்டு ஆளு தூக்கணும். தண்ணி ஒரு சொட்டுக் கிடையாது. சட்டியில போட்டா அப்படியே நெய் மாதிரி உருகி…"

பெரிய டீச்சர் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார். "நெய்யை விட்டுடுங்கோ" என்றார் தலைப்புக்குள்ளிருந்து.

"சரி டீச்சர். எண்ணெய் மாதிரி."

"எண்ணெய் மாதிரி" என்று எழுதிக்கொண்டார். "அப்போ அது தண்ணியை எங்கே வச்சுக்கறது?"

"தனியா எங்கயும் வச்சுக்கிறதில்ல. குடிச்சா ஒரேயடியாத் தொட்டியவே காலி பண்ணிடும். அப்புறம் நாள் கணக்கா கேக்காது. இரை கெடைக்கலேன்னா திமில் சுருங்கி ஒரு பக்கமா சாஞ்சுடும். பார்க்கவே பாவமா இருக்கும். திரும்ப நல்லாத் தின்னா நிமிந்துக்கும்."

பேனா நின்றது. "டிரைவர்னு கொழந்தை சொல்லியிருக்காளே."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஆட்டோ சாவியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "டிரைவர் வேலைன்னு சொல்லித்தான் டீச்சர் கூட்டிட்டுப் போனாங்க. எறங்குன அன்னைக்கே பாஸ்போர்ட்ட வாங்கிக்கிட்டு, நாப்பது ஒட்டகத்தக் காட்டி மேய்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்குப் போன் பண்றப்ப வண்டி ஓட்டுறேன்னுதான் சொல்லுவேன். வேற என்ன சொல்றது? மூணு வருஷம் பேச்சுத்துணைக்கு அதுங்கதான். தமிழ்லதான் பேசுவேன், நல்லாப் புரிஞ்சுக்கும். திரும்பி வந்தப்புறம் இவகிட்ட மட்டுந்தான் நெசத்தச் சொன்னேன். தூங்க வைக்கக் கதை கேட்டா, எனக்குத் தெரிஞ்ச கதை அதுதான்."

பெரிய டீச்சர் பேனாவை மூடினார். "எனக்கு நம்பிக்கை வந்துடுத்து. ஆனா நாளைக்கு அசெம்பிளில நான் போய்ச் சொன்னா, பிள்ளைகள் புஸ்தகம் எங்கேன்னு கேப்பா. நான்தானே அப்படிப் பழக்கி வச்சிருக்கேன். புஸ்தகம் இல்லாம நான் இவரை நம்பறேன்னு சொன்னா, டீச்சர் பாவம் பார்த்துச் சொல்றாள்னு நினைச்சுப்பா." என் பக்கம் திரும்பினார். "விமலா, நம்ம லைப்ரரில இதை எழுதின புஸ்தகம் ஒண்ணுகூடவா இல்லை?"

யாஸ்மின் என்னைப் பார்த்தாள். ஒன்பது அட்டை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இல்லை என்று நான் சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள், அந்த மனிதரைத் தவிர வேறு யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. எழுந்து சமையல் தட்டுக்கு நடந்தேன். ஊறுகாய்க்கும் குரோஷேக்கும் நடுவிலிருந்து இரண்டையும் உருவிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தேன்.

பெரிய டீச்சர் பக்கத்தைக் கண்டுபிடித்து யாஸ்மினிடம் கொடுத்து, "சத்தமாப் படி" என்றார். அவள் படித்தாள். திமிலில் இருப்பது கொழுப்பு, உணவு கிடைக்காத நாளில் ஒட்டகம் அதைச் செலவழிக்கும், அப்போது திமில் தளர்ந்து சாயும். ஜலீல் பாய் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டார். முடிந்ததும், "நான் சொன்னது அப்படியே இருக்கு" என்றார். பிறகு, "இதை எழுதுனவரும் அங்கதான் வேலை பார்த்தாரா டீச்சர்?" என்று கேட்டார்.

பெரிய டீச்சர் புத்தகத்தை வாங்கி முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தார். "போன மாசம் வந்த புஸ்தகம். சமையல் தட்டுல என்ன பண்றது?"

"நான்தான் டீச்சர் வச்சேன்."

"ஏன்?"

சுவரில் ஒட்டியிருந்த அவருடைய பச்சைச் சார்ட்டைப் பார்த்தேன். அவரும் திரும்பி அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என்னை யோசிக்கச் சொல்லவில்லை. யாஸ்மினின் விடைத்தாளை வாங்கி, பெருக்கல் குறியை அடித்து, பக்கத்தில் சரி போட்டுக் கையெழுத்திட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

மறுநாள் அசெம்பிளியில் அவர் வெந்நீர்ப் பையோடு வந்து நின்றார். "இருபத்தெட்டு வருஷமா இதுல தண்ணியை ரொப்பிண்டு நடந்திருக்கேன். வனஸ்பதியை ரொப்பியிருக்கணும். தப்பு என்னோடது" என்றார். மைதானம் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். "ஆறாம் வகுப்பு யாஸ்மின் சொன்னதுதான் சரி. அவளோட அப்பா மூணு வருஷம் ஒட்டகங்களோட இருந்து கண்ணால பார்த்துச் சொன்னது. சரியான புஸ்தகத்தை எடுத்துக் குடுத்தது நம்ம லைப்ரரி விமலா டீச்சர்." அதற்குக் கை தட்டினார்கள். இத்தனை வருட வேலையில் ஒரு பள்ளியே எனக்காகக் கை தட்டியது அந்த ஒரு தடவைதான். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் தெரியாமல் செய்த தப்பை மைக்கில் சொன்னார். தெரிந்தே செய்த நான் கைதட்டல் வாங்கிக்கொண்டு நின்றேன்.

அன்று மதியம் யாஸ்மின் புத்தகம் மாற்ற வந்தாள். அட்டையைப் பற்றி ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்களே டீச்சர்" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். பதினொரு வயதுப் பிள்ளையிடம் கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. அதற்கும் "சரி டீச்சர்" என்றாள், ஆனால் இந்தத் தடவை வேறு மாதிரி.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆறாம் வகுப்புக்கு ஒட்டகப் பாடம் எடுக்கப் பெரிய டீச்சர் ஜலீல் பாயையே கூப்பிட்டார். காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். வகுப்பு நூலகத்தில். பிள்ளைகள் அதற்குள் கதவருகே கூட்டமாக வந்து நின்றுவிட்டார்கள், டிரைவரா ஒட்டகமா என்று கேட்டவர்கள்தான் முன்வரிசையில். வெளியாள் யார் வந்தாலும் நூலக வருகைப் பதிவேட்டில் எழுத வேண்டும்: நாள், பெயர், தொழில், வந்த காரணம். பேனாவை நீட்டினேன். "எனக்கு எழுத்து அவ்வளவா வராது, நீயே எழுதும்மா" என்று அவர் மகளிடம் கொடுத்தார்.

நாளும் பெயரும் எழுதினாள். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. நிமிர்ந்து அத்தாவின் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். டிரைவர் என்று எழுதியிருந்தால் இப்போது அது முழு உண்மை. யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அவள் 'ஒட்டகம் மேய்த்தவர்' என்று எழுதினாள், கட்டம் நிறைய, பெரிய எழுத்தில். பின்னால் நின்ற பிள்ளைகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். அவள் கையை வைத்து மறைக்கவில்லை.